சேர்ந்து எரிந்தால் மங்கும் விளக்குகள்: ஒரு லாட்ஜ் பேனலைச் சரிசெய்த அனுபவம்

கன்னியாகுமரியில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். 3 மாடி, மாடிக்கு 16 அறை. அறையில் இருக்கும் பெல் சுவிட்சை அழுத்தினால் கீழே ரிசப்ஷனில் உள்ள பேனலில் அந்த அறை எண்ணுக்கு நேரே ஒரு சிவப்பு எல்இடி எரியும், கூடவே பஸ்ஸர் ஒலிக்கும். பையன் மேலே போய் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்து ரீசெட் பட்டனை அழுத்தினால் விளக்கு அணையும். பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிற பேனல். அதைப் பார்க்கச் சொல்லி மேனேஜர் அண்ணாச்சி போனில் சொன்னது இதுதான்:

"தம்பி, ஒரு ரூம்ல பெல் அடிச்சா பளிச்சுன்னு எரியுது. காலையில எல்லாரும் சேந்து அடிக்கும்போது ஒண்ணும் தெரியமாட்டேங்கு."

இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. சேர்ந்து எரிந்தால்தான் மங்குகிறது என்றால் எல்இடி கெட்டுப்போகவில்லை. மின்னோட்டம் பங்கிடப்படும் இடத்தில்தான் கோளாறு. அண்ணாச்சிக்கு இது சின்னத் தொந்தரவு இல்லை. சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் விடியும் முன்னே எழுந்து வெந்நீருக்கும் டீக்கும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். கார்த்திகை பிறந்து ஐயப்ப சீசன் தொடங்கிவிட்டால் ஒரு அறையும் காலியாக இருக்காது. எரிகிற விளக்கு எரியாததுபோல் தெரிந்தால், அழைத்தவர் காத்துக்கொண்டே இருப்பார். திட்டு வாங்குவது அந்தப் பையன். பேனல் எப்போது அதிகம் தேவைப்படுகிறதோ அப்போதுதான் இது கைவிடுகிறது.

அண்ணாச்சி ஒரு வீடியோவும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடின, சில விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. மல்டிபிளெக்ஸ் முறையில் எரியும் பேனலை போன் கேமராவில் பார்த்து முடிவு செய்யவே கூடாது. அதில் எல்லா விளக்கும் ஒரே கணத்தில் எரிவதில்லை. ஒரு வரிசை எரிந்து அணைந்ததும் அடுத்த வரிசை எரியும். அது வேகமாகச் சுற்றி வருவதால் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து எரிவதாகத் தெரிகிறது. கேமராவோ படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக எடுக்கிறது, வெளிச்சம் அதிகமான இடத்தில் ஒவ்வொரு படத்தையும் மிகக் குறைந்த நேரத்தில் எடுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் எரியாமல் இருந்த வரிசை படத்தில் இருட்டாக விழும். பேனலில் இல்லாத கோளாறையும் போன் காட்டும். வீடியோவை ஒதுக்கிவிட்டு நேரில் போய்ப் பார்ப்பதுதான் சரி.

போய் உட்கார்ந்ததும் கழற்றுவதற்கு முன்னால் பையனை மாடிக்கு அனுப்பி ஒவ்வொரு அறையாக பெல் அடிக்கச் சொன்னேன். ஒரு தாளில் 48 கட்டம் போட்டு, தனியாக எரியும்போது எப்படி, பக்கத்து அறையோடு சேர்ந்து எரியும்போது எப்படி என்று குறித்துக்கொண்டேன். சர்க்யூட்டைத் தொடுவதற்கு முன் இப்படி ஒரு படம் கையில் இருந்தால், மங்கலின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். இங்கே நான்கு வகை தெரிந்தது. எந்த வரிசையானாலும் அதில் விளக்குகள் கூடக்கூட அந்த வரிசை முழுவதும் மங்குகிறது. 301 முதல் 308 வரையுள்ள வரிசை, ஒரே ஒரு விளக்கு எரிந்தால்கூட மற்ற வரிசைகளைவிட மங்கல். 309 முதல் 316 வரை எப்போதும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருக்கிறது. அப்புறம் 206. அது தனியாக அழைத்தால் எரியும். அதே வரிசையில் இன்னொரு அறை அழைத்துவிட்டால் முழுவதுமாக அணைந்துவிடும். 206-ல் பெல் சுவிட்ச் கெட்டுவிட்டது என்று நினைத்து சுவிட்சை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், வயரையும் புதிதாக இழுத்திருக்கிறார்கள்.

பேனலைத் திறந்தால் உள்ளே புள்ளிப் பலகையில் கையால் சால்டர் செய்த சர்க்யூட். புரோகிராமை ஓட்டும் அட்மெகா328 மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று, அது சொல்கிறபடி எட்டு கால்களை ஆன், ஆஃப் செய்யும் 74எச்சி595 ஐசி ஒன்று, கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சுகள் அடங்கிய யுஎல்என்2003 ஐசி ஒன்று. 48 எல்இடிகளும் 6 கிடைவரிசை, 8 நெடுவரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. 48 வயருக்குப் பதில் 14 வயரில் வேலை முடிகிறது, அதுதான் மல்டிபிளெக்ஸ் முறையின் லாபம். 595 ஐசி நெடுவரிசைகளுக்கு 5 வோல்ட் கொடுக்கிறது. யுஎல்என்2003 ஒரு நேரத்தில் ஒரு கிடைவரிசையை மட்டும் தரையோடு, அதாவது சப்ளையின் மைனஸோடு, இணைக்கிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த மொத்தம் ஆறே ஆறு ரெசிஸ்டர், ஒவ்வொன்றும் 100 ஓம், கிடைவரிசைக்கு ஒன்றாக யுஎல்என்2003-க்கு முன்னால்.

முதல் கோளாறு அங்கேயே கண்ணில் பட்டது. இருந்தாலும் அளந்து பார்க்காமல் இதைத் தீர்மானிக்கக் கூடாது என்பது என் வழக்கம். வரிசைகள் மாறி மாறி எரியும் இந்தச் சுற்று, அதாவது ஸ்கேன், ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் சராசரியைத்தான் காட்டும். அதனால் ஸ்கேனை நிறுத்தி ஒரு கிடைவரிசையை மட்டும் எரிய வைத்துப் பிடித்திருக்கும் ஒரு குட்டி புரோகிராமை ஏற்றினேன். இப்போது அந்த 100 ஓம் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தால் போதும், ஓம் விதிப்படி மின்னோட்டம் கைக்கு வந்துவிடும். ஒரு எல்இடி எரியும்போது 1.5 வோல்ட், அதாவது 15 மில்லிஆம்பியர். எட்டும் எரியும்போது 2.2 வோல்ட். மொத்தம் 22 மில்லிஆம்பியர், அதை எட்டுப் பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 3 மில்லிஆம்பியர்கூட இல்லை. தெருவுக்கு ஒரே வால்வு வைத்து அதைப் பாதி மூடிவிட்டு, எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தால் எப்படியோ அப்படி. 15 எங்கே, 3 எங்கே! விளக்கு மங்குவதில் ஆச்சரியமே இல்லை.

206-ன் கதையும் இதே ரெசிஸ்டரால் வந்ததுதான். அங்கே மட்டும் பச்சை எல்இடி. பழைய சிவப்பு விளக்கு போனபோது யாரோ கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். சிவப்பு எல்இடி எரிய அதன் குறுக்கே சுமார் 1.9 வோல்ட் போதும். இப்போது கிடைக்கிற பளிச்சென்ற பச்சைக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். பச்சை தனியாக இருந்தால் அதற்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு சிவப்பு எரியத் தொடங்கியதுமே, இரண்டும் ஒரே ரெசிஸ்டரில் சேர்ந்திருப்பதால், பச்சைக்கும் அந்தச் சிவப்புக்குக் கிடைக்கிற இரண்டு வோல்ட்தான் கிடைக்கும். இரண்டு வோல்ட்டில் அந்தப் பச்சை எரியாது. பழைய காலத்து மங்கிய மஞ்சட்பச்சை எல்இடி என்றால் 2.1 வோல்ட் அளவில் எரியும், அப்போது இவ்வளவு அப்பட்டமாகத் தெரிந்திருக்காது. மீட்டரைப் பச்சையின் கால்களில் வைத்துக்கொண்டு 205-ஐ எரியவிட்டேன், 2.9-ல் இருந்தது சட்டென்று 1.9-க்கு இறங்கியது, விளக்கும் போய்விட்டது. அதை அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்போ சுவிட்ச மாத்தினதெல்லாம் வேஸ்ட்டா?" என்றார்.

"சுவிட்ச் நல்லாத்தான் இருந்திருக்கு அண்ணாச்சி. விளக்குதான் வேற சாதி."

இதைச் சரிசெய்யப் பாடப்புத்தக வழி, ரெசிஸ்டரைக் கிடைவரிசையிலிருந்து எடுத்து நெடுவரிசைகளில் எட்டாக வைப்பது. ஒரு நேரத்தில் ஒரு கிடைவரிசைதான் எரியும் என்பதால், அப்போது ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் கிடைத்துவிடும். ஆனால் இங்கே அதில் ஒரு சிக்கல் இருந்தது. 74எச்சி595 ஐசியின் சப்ளை கால் வழியாக மொத்தம் 70 மில்லிஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. எட்டு விளக்குக்கு ஆளுக்கு 15 வைத்தால் 120. அந்த ஐசி உடனே புகையாது. சூடாகும், வெளியே வரும் வோல்டேஜ் இறங்கும், மறுபடியும் விளக்கு கூடினால் மங்கும் கதைதான். 8 மில்லிஆம்பியராகக் குறைத்தால் ஐசி தப்பிக்கும். ஆனால் ஆறில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது என்பதால் சராசரி 1.3 மில்லிஆம்பியர். ரிசப்ஷன் கிழக்கே பார்த்தது. காலை வெயில் நேராக உள்ளே விழுகிற இடத்தில் அது போதாது.

ஆகவே ரெசிஸ்டரைத் தொடாமல் ஸ்கேன் திசையை மாற்றினேன். இதுவரை ஒரு கிடைவரிசை, பிறகு அடுத்த கிடைவரிசை என்று போனதை, ஒரு நெடுவரிசை, பிறகு அடுத்த நெடுவரிசை என்று திருப்பினால், ஒரு நேரத்தில் ஒவ்வொரு கிடைவரிசையிலும் ஒரே ஒரு எல்இடிதான் எரியும். கிடைவரிசைக்கு ஒரு ரெசிஸ்டர் ஏற்கெனவே இருக்கிறது. தப்பான இடத்தில் இருந்த அதே ஆறு ரெசிஸ்டர்களும் இப்போது சரியான இடத்தில் இருக்கின்றன. யுஎல்என்2003-ன் ஒவ்வொரு சானலும் இனி ஒரே ஒரு எல்இடியின் மின்னோட்டத்தைத்தான் சுமக்கும். அது இரண்டு டிரான்சிஸ்டரை அடுத்தடுத்துச் சேர்த்த டார்லிங்டன் வகை, அதற்குள் சுமார் 0.75 வோல்ட் எப்போதும் தொலைந்துபோகும். மின்னோட்டம் கூடினால் இன்னும் கூடும். இப்போது சுமை மாறாததால் தொலைவதும் மாறாது. விளக்கு மங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

நெடுவரிசைப் பக்கம் மட்டும் பலமான சுவிட்ச் வேண்டும். ஆறு விளக்கும் எரிந்தால் ஒரு நெடுவரிசை வழியாகச் சுமார் 120 மில்லிஆம்பியர் ஓடும். அதற்கு எட்டு பிசி327 டிரான்சிஸ்டர் போட்டேன். அதன் மூன்று கால்களில் எமிட்டர் 5 வோல்ட்டில், கலெக்டர் நெடுவரிசைக்கு, பேஸ் 1 கிலோஓம் வழியாக 595-க்கு. பிசி557 எல்லார் டப்பாவிலும் கிடக்கும், ஆனால் அதன் உச்ச வரம்பே 100 மில்லிஆம்பியர். இந்த இடத்துக்கு ஆகாது. பிசி327 நாகர்கோவில் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பிஎன்பி டிரான்சிஸ்டர் என்பதால் 595-ன் கால் தாழ்ந்தால் விளக்கு எரியும், உயர்ந்தால் அணையும்; புரோகிராமில் அதைத் தலைகீழாக்க வேண்டும்.

எல்இடிகளை ஓட்டவென்றே வரும் மேக்ஸ்7219 ஐசி போட்டிருந்தால் இவ்வளவும் தேவையில்லையே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அது 64 எல்இடி வரை தானே ஸ்கேன் செய்யும், ஒவ்வொன்றுக்கும் நிலையான மின்னோட்டம் கொடுக்கும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர். சிவப்பு எல்இடிக்கு 20 மில்லிஆம்பியர் வேண்டுமென்றால் 28 கிலோஓம். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். இங்கே பழைய பலகை ஓடுகிற நிலையில் இருந்தது. நாளைக்கு ஏதாவது போனால் பக்கத்துக் கடையில் கிடைக்கிற பொருளை வைத்து யாராவது மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் எனக்கு முக்கியமாகப் பட்டது.

சரி, இப்போது 301 வரிசை. ஸ்கேன் திசையை மாற்றிய பிறகும் அது மங்கலாகவே இருந்தது. மறுபடியும் ஸ்கேனை நிறுத்திப் பிடிக்கிற அந்தக் குட்டி புரோகிராம். மற்ற வரிசைகளில் ரெசிஸ்டரில் 2.1 வோல்ட், இதில் 1.5. குறைந்த 0.6 வோல்ட் எங்கே போகிறது என்று தேட, எல்இடி பக்கத்திலிருந்து யுஎல்என் கால் வரை ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கத்திலும் மீட்டரை வைத்துக்கொண்டே வந்தேன். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் காட்டும். பேனல் கதவையும் பலகையையும் இணைக்கும் ரிப்பன் கேபிளின் கனெக்டரில், ஐந்தாவது பின்னில் மட்டும் 0.6 வோல்ட் முழுவதும் நின்றது. கழற்றிப் பார்த்தால் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. கன்னியாகுமரியில் கடல் காற்று உப்போடுதான் வரும். அந்தக் கனெக்டர் ஜன்னல் பக்கம் பார்த்து இருந்தது வேறு. ஓம் மீட்டரில் அளந்தால் இது சில நேரம் நன்றாக இருப்பதாகவே காட்டும். லேசாக அசைந்தால் மாறும். மின்னோட்டம் ஓடும்போது வோல்டேஜ் இழப்பைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

களிம்பைச் சுரண்டி மறுபடியும் செருகுவது எனக்குப் பிடிக்காது. கடலோரத்தில் அது சீக்கிரமே திரும்பி வரும். கனெக்டரையே எடுத்துவிட்டு 14 வயரையும் நேராகப் பலகையில் சால்டர் செய்தேன். கதவைத் திறந்து மூடும்போது இழுபடாதபடி வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, கட்டி வைத்தேன். பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு அக்ரிலிக் பூச்சு அடித்தேன். காயாமல் அடித்தால் ஈரமும் உப்பும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

309 வரிசை ஏன் பளிச்சென்று இருந்தது என்பது வயரில் இல்லை, புரோகிராமில் இருந்தது. பழைய புரோகிராம் ஒவ்வொரு வரிசையையும் 2 மில்லிசெகண்ட் எரியவிட்டு அடுத்ததற்குப் போகும். ஆறாவது வரிசைக்கு வந்ததும் அதை அணைக்காமலே 48 சுவிட்சையும் படிக்கப் போய்விடும்; பஸ்ஸரையும் அங்கேதான் கவனிக்கும். அது முடியும்வரை ஆறாவது வரிசை எரிந்துகொண்டே இருக்கும். கண்ணுக்கு வெளிச்சம் என்பது மின்னோட்டமும் நேரமும் சேர்ந்ததுதான்; நேரம் கூடினாலும் பிரகாசம் கூடும். கடைசி வரிசை மட்டும் பிரகாசமாக இருக்கிற பேனலைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஸ்கேன் வேலையை முழுவதுமாக டைமர் இன்டரப்டில் போட்டேன். குறித்த நேரத்துக்கு ஒருமுறை மற்ற வேலையை நிறுத்திவைத்து ஓடும் சின்னப் பகுதி அது. 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 64-ஆல் வகுத்து, 0-விலிருந்து 249 வரை எண்ணினால் துல்லியமாக 1 மில்லிசெகண்டுக்கு ஒரு இன்டரப்ட். எட்டு நெடுவரிசைக்கு 8 மில்லிசெகண்ட், அதாவது நொடிக்கு 125 முறை முழுச் சுற்று. கண்ணுக்குத் துடிப்பு தெரியாது. சுவிட்ச் படிப்பது, பஸ்ஸர், ரீசெட் எல்லாம் வெளியே தங்கள் போக்கில் நடக்கும், எவ்வளவு நேரம் எடுத்தாலும் விளக்குக்கு அதனால் பாதிப்பு இல்லை.

இன்டரப்டுக்குள் ஒரு வரிசைமுறையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்: முதலில் ஆறு கிடைவரிசையையும் அணைத்துவிட்டு, 595-ல் அடுத்த நெடுவரிசையை ஏற்றி, 20 மைக்ரோசெகண்ட் விட்டு, அப்புறம்தான் புதிய கிடைவரிசைகளை எரியவிட வேண்டும். முழுவதுமாக ஆன் ஆகியிருந்த பிஎன்பி டிரான்சிஸ்டர் ஆஃப் ஆகச் சில மைக்ரோசெகண்ட் எடுக்கும். அந்த இடைவெளி கொடுக்காவிட்டால் 104-ன் வெளிச்சத்தின் நிழல் 103-ல் விழும். பகலில் தெரியாது. ரிசப்ஷன் விளக்கை அணைத்து, பேனலுக்கு மேலே துணியைப் போர்த்தி உள்ளே பார்த்தால் தெரியும். இந்த மாதிரிப் பேனல்களில் ராத்திரி டியூட்டிக்காரர் அந்த நிழலைப் பார்த்து வீணாக மாடி ஏறுவது உண்டு.

மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லாமலே எல்லாம் சமமாக எரிகிறதா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கட்டும். மீட்டரை 2 வோல்ட் அளவில் நிலையாக வைத்து, தானே அளவு மாறும் வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டு, ஒரு கிடைவரிசையின் ரெசிஸ்டரில் பிடியுங்கள். அந்த வரிசையில் ஒரே ஒரு விளக்கை எரியவிட்டால், எட்டில் ஒரு பங்கு நேரம்தான் மின்னோட்டம் ஓடும் என்பதால், 2.1 வோல்ட்டின் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.26 வோல்ட் அருகே காட்டும். அதை அணைத்துவிட்டு அடுத்த விளக்கு, அதற்கடுத்தது என்று போனால் எட்டிலும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். ஒன்றில் மட்டும் கூடுதலாக வந்தால் அந்த நெடுவரிசை அதிக நேரம் எரிகிறது. குறைவாக வந்தால் டிரான்சிஸ்டரையோ இணைப்பையோ பார்க்க வேண்டும். இங்கே எல்லாம் 0.24-க்கும் 0.26-க்கும் இடையில் நின்றன. சேர்ந்து எரியும் சோதனைக்கு ஸ்கேனை நிறுத்தி ஒரு நெடுவரிசையின் ஆறு விளக்கையும் எரியவிட்டு அளந்தேன்: தனியாக 2.1 வோல்ட், ஆறும் சேர்ந்தால் 2.0. அந்த வித்தியாசம் கண்ணில் தெரியாது.

எண்கள் சமமாக வந்த பிறகும் சில விளக்குகள் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தன. இப்போதுதான் எல்இடியைக் குறைசொல்ல நமக்கு உரிமை வருகிறது. மாற்றுவதற்குப் புதிய சிவப்பு எல்இடிகள் வாங்கி, அவற்றையும் அப்படியே போடாமல் ஐந்தைந்தாகத் தொடராக இணைத்து, 470 ஓம் ரெசிஸ்டரோடு 12 வோல்ட் கொடுத்தேன். தொடரில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம், சுமார் 5 மில்லிஆம்பியர். மேலே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தால் எது தனித்துத் தெரிகிறதோ அதை ஒதுக்கிவிடலாம். ஒரே பாக்கெட்டிலேயே வித்தியாசம் இருக்கும். கண்ணாடிபோல் தெளிவான தலை உள்ளவற்றை வாங்கவில்லை. பால் போன்ற தலை உள்ளவைதான். தெளிவான தலை வெளிச்சத்தை நேரே குறுகலாக வீசும். பேனலில் ஒன்று கொஞ்சம் சாய்ந்து நின்றாலும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது மங்கலாகிவிடும். 206-ன் பச்சையையும் எடுத்துவிட்டேன். புதிய ஏற்பாட்டில் அது அணையாமல் எரியும்தான். ஆனாலும் 48-ல் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அதற்கு ஏதோ தனி அர்த்தம் இருப்பதாகப் புதிதாக வருகிற பையன் நினைத்துக்கொள்வான்.

கடைசியாக சப்ளை. 5 வோல்ட் அடாப்டரிலிருந்து பலகைக்கு வந்த வயர் மெலிசு, அடாப்டரில் 5.1, பலகையில் எல்லா விளக்கும் எரியும்போது 4.7. தடிமனான வயர் மாற்றி, பலகையில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும், ஐசிக்கு ஐசி 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் வைத்ததும் 5.0-ல் நின்றது. புதிய ஏற்பாட்டுக்கு மேலே சொன்ன அளவுகள் எல்லாம் இதன் பிறகு மறுபடி எடுத்துச் சரிபார்த்தவை.

புரோகிராமில் ஒரு சோதனை முறையையும் சேர்த்தேன். ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே பேனலை ஆன் செய்தால் முதலில் ஒவ்வொரு கிடைவரிசையாக, பிறகு ஒவ்வொரு நெடுவரிசையாக, பிறகு 48-ம் சேர்ந்து எரியும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை அதைப் போட்டுப் பார்க்கும்படி அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு கிடைவரிசை முழுவதும் மங்கினால் வயர் அல்லது யுஎல்என்2003, ஒரு நெடுவரிசை முழுவதும் மங்கினால் அதன் பிசி327, ஒற்றை விளக்கு மங்கினால் எல்இடி என்று கதவின் உட்பக்கத்தில் சர்க்யூட் படத்தோடு எழுதி ஒட்டியாயிற்று. பொறுக்கி வைத்த எல்இடிகளில் மிச்சமிருந்தவையும் இரண்டு பிசி327-ம் ஒரு யுஎல்என்2003-ம் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு அங்கேயே உள்ளே வைத்திருக்கிறேன்.